அந்த மலையில் என்ன சாமி

டிசம்பர் பிறந்தால் எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒரே பேச்சுதான். யார் எந்த ரன்னில் சறுக்கி இறங்கினார்கள், எதில் பனி நன்றாக இருந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுவேன்.

ரன் மாதிரியான சொற்களெல்லாம் எனக்கு என் ரூம்மேட் வழியாக வந்தவை. ஈரோட்டுப் பக்கத்துக்காரன். தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் ஒரு புராஜெக்டை முடித்துவிட்டு, மேற்குக் கரையில் நான் இருந்த லிவர்மோருக்கு வந்து, என் அபார்ட்மென்டில் சேர்ந்துகொண்டான். அங்கேயே பனிச்சறுக்கு பழகியிருந்தான். மலைச்சரிவில் மரங்களை வெட்டிவிட்டு, சறுக்குவதற்கென்றே விட்டிருக்கும் பாதைக்கு அங்கே டிரெயில் என்று பெயராம். இங்கே வந்து அப்படிச் சொன்னால் ஆபீஸில் சிரித்தார்கள். இவர்களுக்கு அது ரன். எங்களோடு வேலை பார்த்த ஜெர்மன்காரர் இரண்டையும் ஒப்புக்கொள்ளாமல் பிஸ்ட் என்பார். பச்சைப் பலகை வைத்திருந்தால் சுலபம், நீலம் நடுத்தரம், கறுப்பு என்றால் உயிரோடு விளையாட்டு.

"ஜெர்சி ப்ளூவும் இந்த ஊர் ப்ளூவும் ஒண்ணில்லடா," என்று அவனே ஒரு தடவை சொன்னான். ஊருக்கெல்லாம் பலன் சொல்லிவிட்டுத் தானே கழுநீர்ப் பானையில் விழும் பல்லி கதைதான்.

ஒரு ஜனவரியில் என்னையும் பனிச்சறுக்குக்கு இழுத்துக்கொண்டு போனான். புதியவர்களுக்கான மேட்டுக்கு அங்கே முயல்குட்டி மேடு என்று பெயர். சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் நான் விழுந்து எழுந்து, எழுந்து விழுந்துகொண்டிருந்தேன்.

"யானைக்கும் அடி சறுக்கும்னு உன்னைப் பாத்துத்தான்டா சொல்லிருக்காங்க," என்று என் தொப்பையைத் தட்டினான். "நீ போய்க் காப்பி குடி. ஒரே ஒரு ப்ளூ அடிச்சுட்டு வந்தர்றேன்."

கம்பியில் தொங்கிப் போகும் நாற்காலியிலிருந்து திரும்பிக் கையாட்டினான். நான் காப்பி குடிக்கப் போனேன்.

பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்த இடத்தில் வழுக்கி, மரத்தில் மோதியிருக்கிறான். கீழே கொண்டுவரும்போதே உயிர் இல்லை. அவனைத் தூக்கி வந்தவர் ரன் என்றார். விசாரிக்க வந்த போலீஸ்காரர் டிரெயில் என்றார். டாக்டர் ஸ்லோப் என்றார். இருந்தது ஒரே இடம். அதற்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே என்று மூன்று பேர் மேலும் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. வேறு எதன்மேல் அதைக் காட்டுவது என்று தெரியவில்லை.

ஊரில் விடிந்த பிறகு அவன் சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் போய் வீட்டில் சொன்னார். மறுபடி கூப்பிட்டபோது ஃபோனை எடுத்தது அவன் அப்பா. அழுது ஓய்ந்த குரல். மகன் எந்த இடத்தில் செத்தான் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். என்னிடம் இருந்த எந்தச் சொல்லும் அவருக்கு உதவாது.

"மலையிலப்பா," என்றேன்.

"மலைக்கு எதுக்குக் கண்ணு போனான்? ஏதாச்சும் வேண்டுதலா?"

அவருக்குத் தெரிந்த மலைகளில் எல்லாம் படியும் கோயிலும் உண்டு. பனி, சறுக்கு, விளையாட்டு என்று எனக்கு வந்த தமிழில் விளக்கினேன். விளக்க விளக்க, படித்து வேலைக்கு வந்த ஒருவன் பார்க்கில் சறுக்குமரம் ஏறி விழுந்து செத்ததைப் போல ஆகிக்கொண்டே போனது. அவனை நானே கேவலப்படுத்துகிற மாதிரி இருந்தது.

"செரி கண்ணு. அந்த மலையில என்ன சாமி இருக்குது?"

முருகன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாமி விஷயத்தில் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"சாமி எதுவும் இல்லப்பா."



"அப்ப அவனைப் பாத்துக்க அங்க ஆருமே இல்லையா?"

நான் இருந்தேன். அதை அன்றைக்கும் சொல்ல முடியவில்லை, இன்றைக்கும் முடியவில்லை. கேன்டீனில் யாராவது ரன் என்று ஆரம்பித்தால் போதும், அவர் மறுபடியும் கேட்கிறார்.