துப்புகிற இன்ஜின்

போன ஞாயிற்றுக்கிழமை என் கார் நின்றுவிட்டது. பழவேற்காடு பாலத்தின் மேல், நட்டநடுவில்.

உள்ளே என் சம்சாரம். பின் சீட்டில் அவள் தம்பி தேசிங்கு, மாப்பிள்ளை. அவன் மடியில் பொண்ணுக்கு எடுத்த நிச்சயதார்த்தப் புடவை. பொண்ணு வீடு மீஞ்சூர். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் தாம்பூலம் மாற்ற வேண்டும். சொந்தக்காரர்கள் முன்னாடியே வேனில் போய்விட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் மாமா கார்லதான் வருவேன் என்றான். அது அவன் தப்பு.

பானெட்டில் புகை.

"இன்னாயா, மறுபடியுமா?" என்றாள் சம்சாரம்.

"ம்."

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் காரைத் தெரியும். எனக்கு முன்னாடி ரெண்டு பேர் ஓட்டியது. வாங்கிய புதிதிலேயே அடியில் தண்ணி சொட்டும். நான் சந்தோஷப்பட்டேன்.

சிரிக்காதீர்கள். போட் இன்ஜின் அப்படித்தான். கடல் தண்ணியை இழுத்துக் குடிக்கும். சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே துப்பும். துப்புகிற வரைக்கும் நிம்மதி. துப்புவது நின்றால்தான் பயம். இருபது வருஷம் போட் ஓட்டினவன்... கார் துப்பினால் நல்ல கார் என்றுதானே நினைப்பேன்?

தண்ணி குறைந்தால் ஊற்றினேன். எதை? ஏரித் தண்ணியை. வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறது, கடலோடு சேர்ந்த ஏரி. போட் குடிக்கிறது, கார் குடிக்காதா?

ஒரு மாசம் குடித்தது. அப்புறம் டச்சுக் கல்லறை வாசலில் படுத்துவிட்டது. உள்ளே முந்நூறு வருஷமாகப் படுத்திருக்கிறார்கள், வெளியே இது. போட்டோ எடுக்க வந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே எடுத்தார்கள்.

மெக்கானிக் பாய் ரேடியேட்டரைத் திறந்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு.

"இன்னா நைனா, இதுல கருவாடு போட்டு வச்சிருந்தியா?"

"ஏரித் தண்ணி."

பாய் உப்பைச் சுரண்டி எடுத்தார்.

தண்ணி போகிற ஓஸை மாற்றினார். பதினைந்து நாளில் வேறு இடத்தில் ஒழுகியது. அதை அடைத்தார். இன்னொரு இடம். கடைசியில் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு தபா உப்புத் தண்ணி உள்ள போச்சு, ரேடியேட்டர் காலி. அப்புறம் என்னாண்ட வராதே."

இப்போது பாலத்தின் மேல் நிற்கிறோம். சூடு தணிந்ததும், குடிக்க வைத்திருந்த ரெண்டு பாட்டிலையும் ஊற்றினேன். பத்தவில்லை. ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின வரை தண்ணி. எல்லாம் உப்பு.

தேசிங்கு கீழே ஏரியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"மாமா..."

"வேணாம் மச்சான். பாய் சொல்லிட்டாரு."

"மணி பத்தே முக்கால்," என்றாள் சம்சாரம். "அங்க ஒரு பொண்ணு இந்தப் புடவைக்குக் காத்துக்கினு கீது. நீ ரேடியேட்டருக்கு அழு."

நான் அழவில்லை. டிக்கியில் வாளியும் கயிறும் எப்போதும் இருக்கும். எடுத்து இறக்கினேன். மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலை இழுக்கிற மாதிரி இழுத்தான்.

ஊற்றினேன். கிளம்பியது.

பாலம் இறங்கி ஊருக்குள் வந்ததும் கேனில் நல்ல தண்ணி பிடித்துக்கொண்டோம். வழியில் மூன்று இடத்தில் நின்று ஊற்றினோம். பதினொன்றே முக்காலுக்குப் பொண்ணு வீட்டு வாசல்.

பொண்ணின் அப்பா புடவையைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. காருக்கு அடியில் பார்த்தார்.

"தண்ணி ஊத்துதே, சம்பந்தி?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் சம்சாரம் சொன்னாள், முகம் மாறாமல்: "துப்பினாத்தாங்க நல்ல இன்ஜின்."

அவர் நம்பிவிட்டார். தாம்பூலம் மாற்றியாகிவிட்டது.

திங்கட்கிழமை பாய் ரேடியேட்டரைக் கழற்றினார். உள்ளே ஒரு இறால் குஞ்சு. வெந்து சிவந்திருந்தது. எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மச்சானுக்குப் பொண்ணு அமைந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் ரேடியேட்டர் அமையவில்லை.