நாற்பத்தாறு விநாடி

அந்த உயர்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில் பதினொரு வருடமாக ஒரு சோதனைக்குழாய்கூட உடைந்ததில்லை. யாராவது தொட்டால்தானே உடைய! தொட்டவள் ஆய்வக உதவியாளர் ஒருத்திதான். பிள்ளைகளுக்கு அவள் லேப் அக்கா. தினமும் சாயங்காலம் திறந்து, தூசி தட்டி, எண்ணிப் பார்த்துப் பூட்டுவாள். ஏதாவது உடைந்தால் மூன்று தாளில் விளக்கம் எழுத வேண்டும் என்பதால் சயின்ஸ் சார் வகுப்பை அந்தப் பக்கமே கூட்டிவருவதில்லை. கெட்டவர் அல்ல. கணக்குப் பாடமும் அவர் தலையில்தான்; மூச்சுவிட நேரமில்லை.

செய்முறை நோட்டு மட்டும் வருடம் தவறாமல் நிரம்பும். முந்தைய வருட நோட்டைப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். ஒரு மீட்டர் நூலில் கட்டிய குண்டு இருபது தடவை ஆட நாற்பத்தாறு விநாடி. எந்தப் புண்ணியவான் முதலில் எழுதியதோ! அக்காவும் இதே பள்ளியில் படித்தவள். அவள் நோட்டிலும் நாற்பத்தாறுதான்.

இந்த வருடம் அவள் மகளின் நோட்டில் நாற்பது. சார் சிவப்பு மையில் வட்டம் போட்டு, மாற்றி எழுதினால்தான் மதிப்பெண் என்றுவிட்டார். மகளோ முடியாது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மதிப்பெண் குறைந்தால் மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்காது. அந்தப் பெண்ணுக்கு அதுதான் உயிர்.

தூசி தட்டும் நேரத்தில் மகளை உள்ளே விட்டதும், குண்டைத் தொங்கவிட்டுக் கொடுத்ததும் அக்காவேதான். அன்று முதலில் நாற்பது வந்தபோது கடிகாரம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். மூன்று தடவை ஆட்டியும் அதே நாற்பது. இதைச் சொன்னால் வேலைக்கு உலை. சொல்லாவிட்டால் பெற்றவள் என்று எதற்கு இருக்கிறாள்?

மறுநாள் இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போனாள். "சார், நாப்பதுதான் வருது. நானே பக்கத்துல நின்னு மூணு தடவை பாத்தேன். அவளை உள்ள விட்டது நான்தான்." சாவியை மேசைமேல் வைத்தாள்.

சார் சாவியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தார். குண்டை இழுத்து விட்டார். ஸ்டாப்வாட்சில் எதை அழுத்துவது என்று தெரியாமல் தடுமாறினார். அக்கா பொத்தானைக் காட்டினாள். நாற்பது. மறுபடியும் நாற்பது.

"நானும் அந்தக் காலத்துல பாத்து எழுதித்தான் பாஸ் பண்ணேம்மா," என்றார். "ஆட்டிப் பாக்கறது இன்னைக்குத்தான்."

அதுவரை இருந்த பயம் போய், அக்காவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. எத்தனை வருடமாக இந்த மனிதர் இதைத் தனியாகச் சுமந்திருப்பார்!

ஆசிரியர் அறைக்குத் திரும்பியதும் மகளின் நோட்டில் முழு மதிப்பெண் போட்டார். மற்ற முப்பத்தொரு நோட்டுகளையும் இழுத்து, தான் போட்டிருந்த 'சரி'களை ஒவ்வொன்றாக அடித்தார். கடைசி நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கு எல்லாரையும் லேபுக்குக் கூட்டிட்டு வரேன். நீங்களும் கூடவே இருங்கம்மா. எனக்குத் தைரியமா இருக்கும்."