அக்காவின் மொட்டை மாடி

எங்கள் பக்கத்தில் படம் வரைகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். யாருக்கும் அது பிழைப்பு இல்லை. ஒருவர் தாராசுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்தத் தை மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், அவரவர் வரையும் அறையை அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவைப்போம் என்று பேசி முடிவு செய்தோம். யாரும் வரலாம், பார்க்கலாம், என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

என் அறை தஞ்சாவூரில், புது ஆற்றுக்கு அருகே உள்ள எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு மேசை, ஒரு பெரிய ஜன்னல். அங்கே நான் வரைகிறேன் என்பதே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. டியூஷன் எடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஞாயிறு வந்தவர்களில் பலர் படங்களைவிட அறையைத்தான் பார்த்தார்கள். "நல்லா காத்து வருதுங்க, வாடகைக்கு விட்டா உடனே போயிரும்" என்றார் ஒருவர். பூதலூரிலிருந்து வந்த ஒரு விவசாயி வயலில் அறுவடை இயந்திரம் நிற்கும் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "டயர் வண்டி இவ்வளவு ஈரத்துல எறங்காதுங்க. பெல்ட் வண்டியா போடுங்க" என்றார். அவர் சொன்னது சரி. படத்தின் பின்னால் பென்சிலால் குறித்துவைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடப் பழக்கம். ஒரு டப்பாவில் முறுக்கு கொண்டுவந்திருந்தார். சிரித்துக்கொண்டே ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தவர், பின்சுவரின் முன்னால் நின்றுவிட்டார். அங்கே வரிசையாகப் பதினான்கு படங்கள். எல்லாவற்றிலும் ஒரே பெண், ஒரே மொட்டை மாடி. மிளகாய் பரப்புகிறாள், துணி உலர்த்துகிறாள், தண்ணீர்த்தொட்டி ஓரம் சும்மா நிற்கிறாள்.

அவரைத்தான் வரைந்திருந்தேன். அவரிடம் கேட்க வேண்டும் என்று இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. காலை ஆறரை மணி வெயில் அந்த மாடியில் விழும் அழகுக்காக வரைகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார்.

"இங்கேருந்து இவ்வளவு தெரியுமா?" என்றார்.

"அக்கா, நான் வந்து..."

"இருங்க டீச்சர், அடுப்புல பால் வச்சுட்டு வந்தேன்." நான் ஊற்றிவைத்த டீயைத் தொடாமல் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர் மாடிக்கு வரவில்லை. துணிகள் கீழே கார் நிறுத்தும் இடத்தில் கட்டிய கயிற்றில் தொங்கின. ஒரு மனுஷியின் மாடியை நான் பறித்துவிட்டேன் என்று உறுத்தியது. நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் பதினான்கு படங்களையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் அவர் கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"தப்புதாங்கக்கா. கேட்டிருக்கணும்" என்றேன்.

அவர் பையிலிருந்த படங்களைப் புரட்டி ஒன்றை வெளியே எடுத்தார். கைப்பிடிச் சுவரில் போனை வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் குனிந்து நிற்கும் படம்.

"அன்னைக்கு எம்பொண்ணு போன் பண்ணா. வயித்துல இருந்தது தங்கலம்மான்னா. அவருக்கு பைபாஸ் முடிஞ்சு பத்து நாள்தான் ஆயிருந்துச்சு. அவரு எதிர்ல அழ முடியுமா? அதான் மேல போனேன். அவருக்கு இன்னும் அது தெரியாது." படத்தை என்னிடம் நீட்டினார். "இதை மட்டும் கிழிச்சிடுங்க டீச்சர்."

நான் வரைந்ததிலேயே ஆகச் சிறந்தது அதுதான். கையில் வாங்கியவள் தயங்கினேன். அவர் கவனித்துவிட்டார்.

"நல்லா வந்திருக்கோ?"

"ஆமாங்கக்கா."

"தெரியுது. அதான் வேணாங்கிறேன்."

கிழித்தேன். கெட்டித் தாள், ஒரே இழுப்பில் வரவில்லை. துண்டுகளை அவரே குப்பைக்கூடையில் போட்டு, மேலே காய்கறித் தோலைக் கொட்டினார். பிறகு மற்ற படங்களை நிதானமாகப் பார்த்தார். "நைட்டியில இருக்கிற நாலையும் மாட்டாதீங்க. மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றபோது அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்திருந்தது. இரண்டு பேருக்கும் டீ போட்டார்.

அடுத்த ஞாயிறு அக்கா கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் படிக்குப் படி நின்று ஏறி வந்து, "அட, நம்ம மாடி" என்றார். தண்ணீர்த்தொட்டி ஓரம் அக்கா நிற்கும் படத்தைக் காட்டி, "இங்க நின்னுக்கிட்டு என்ன பண்ற?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. சும்மா நிக்கிறேன்."

"தினமுமா?"

"தினமுந்தான்."

அவர் படத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "நில்லு, நில்லு. கீழ நான் பாத்துக்கறேன்" என்றார். அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "டீச்சர், இவருக்கு ஒரு சேர் போடுங்க" என்றார்.

அதற்குப் பிறகு அக்காவைக் கேட்டுக்கொண்டு இரண்டு தடவை வரைந்தேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொள்கிறார். இரண்டும் சுமார்தான். ஒன்றை அவர் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.