வெயிலில் விரித்த குடை

எங்கள் தெருமுனையில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தடியில் யாரும் குடையில்லாமல் நடந்ததில்லை. கிளையெல்லாம் கொக்குகளும் நீர்க்காகங்களும் குடியிருந்தன. கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரிக்குப் புதிதாக வருகிறவர்கள், நல்ல வெயிலில் நாங்கள் குடை விரிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சட்டையில் ஒன்று விழுந்ததும் சிரிப்பு நின்றுவிடும்.

அத்தாவுக்கு மறதி முற்றிய பிறகு அந்த மரம்தான் துணை. மிளகு வியாபாரத்துக்காக ஆலுவா வரை தினமும் போய்வந்த மனுஷனுக்குச் சில நாள் பெற்ற மகள் என் பெயரே பிடிபடாது. ஆனாலும் சாயங்கால அஸர் தொழுகைக்குத் தனியாகத்தான் போவார். பள்ளிவாசல் நேர் ரோட்டில் இருந்தது. திரும்பும்போதுதான் சிக்கல், எங்கள் பக்கம் எல்லாத் தெருமுனைக்கும் ஒரே முகம். எச்சத்தின் வீச்சம் மூக்கில் ஏறியதும் அவர் கை தானாகக் குடையை விரிக்கும். விரித்ததும் கால் வலதுபக்கம் திரும்பும். வீடு வந்துவிடும்.

"நா என்ன சின்னப் புள்ளயா, கையப் புடிச்சிட்டு வர்றதுக்கு?" என்று என்னை விரட்டுவார். அந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது.

போன வருடம் மாநகராட்சியிலிருந்து மரத்தை எடுக்க வந்தார்கள். கடல் கடந்து வந்த மரமாம். வேர் சாக்கடையை உடைக்கிறதாம். அதற்குப் பதில் நம் மண்ணுக்குரிய புங்கன் வைப்பார்களாம். குஞ்சுகள் பறக்கும்வரை காத்திருந்துதான் வெட்டினார்கள். திட்டுவதற்குக்கூட எனக்கு ஒரு காரணம் மிச்சம் வைக்கவில்லை, பாவிகள். வெட்டுவதற்கு முன்பே அத்தாவைப் பற்றிச் சொன்னேன். வந்திருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"கொறச்சு வருஷம் பொறுத்தா நல்ல நெழல் கிட்டும் சேச்சி" என்றார்.

அத்தாவுக்கு அத்தனை வருடம் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வெட்டிய மறுநாளே அத்தா முனையைத் தாண்டிப் போய்விட்டார். படகுத்துறையில் மூடிய குடையோடு நின்றவரை ஓர் ஆட்டோக்காரர் அழைத்து வந்தார். அதன் பிறகு நானும் கூடவே போனேன். அவர் என்னை விரட்டவில்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவழைத்தது.

ஒரு நாள் தொழுதுவிட்டு வரும்போது முனையில் நின்றுவிட்டார். இரும்புக் கூண்டுக்குள் புங்கங்கன்று என் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார், வழியில் போகிற யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போல.

"மோளே, இங்கன ஒரு பெரிய மரம் நிக்கும். அதுக்குப் பக்கத்துலதான் என் வீடு. ஒனக்குத் தெரியுமா?"

அவர் கையிலிருந்த குடையை வாங்கி விரித்து, அவர் தலைக்கு மேல் பிடித்தேன். அவர் கால் வலதுபக்கம் திரும்பியது.

வாசலில் நின்று குடையை என்னிடமிருந்து வாங்கினார். கவிழ்த்து, துணியைத் தடவிப் பார்த்தார். ஓர் எச்சம்கூட இல்லாமல் சுத்தமாக இருந்தது.

"பறவை ஒண்ணையும் காணலியே மோளே, எல்லாம் எங்க போச்சு?" என்றார்.