க்ரீம் அக்காவின் சென்ட்

பேக்கரியில் பதினோரு வருஷமாகக் கேக்குக்கு க்ரீம் அடிப்பவள் என்பதால் அவள் எல்லோருக்கும் க்ரீம் அக்கா. பெரிய கம்பெனி சென்ட் ஒன்று தள்ளுபடியில் கிடைக்க, அதன் இனிப்பு வாசனையில் சொக்கிப்போய் வாங்கிவிட்டாள்.

லீவு நாளில் தலைக்குக் குளித்து, மணிக்கட்டில் தாராளமாக அடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"இன்னிக்குமா வேலைக்குப் போன? முதல்ல போய்க் குளி."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உள்ளே போய், கொடியில் கிடந்த பேக்கரி ஏப்ரனை மோந்தாள். பிறகு மணிக்கட்டை. மறுபடி ஏப்ரனை. இரண்டும் ஒன்றேதான்.

அப்படியானால் இத்தனை வருஷமாக, சாயந்திரமானால் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் கழுவிவிட்டது எதை?