பக்கத்துக் காம்பராத் தவளை

நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நானும் பக்கத்துக் காம்பராவில், அதாவது அடுத்த அறையில், குடியிருந்த மல்லிகாவும் ஆளுக்கொரு பெரிய தவளை பிடித்து வளர்த்தோம். அவளுடையது கொழுத்தது, என்னுடையது இளைத்தது. எல்லாரும் அவள் தவளையையே புகழ, எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது, யாரும் பார்க்காமல் அவள் தவளைத் தொட்டியின் மூடியைத் திறந்துவிட்டேன்.

சாயந்திரம் மல்லிகா ஒரு டப்பா மண்புழுவோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னோடது ஓடிப்போச்சுக்கா. இத உங்களோடதுக்குப் போடுங்க."

என் தவளை இருந்த வாளியை எட்டிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "சோறா போடுறீங்க? அசையாதத அது திங்காதுக்கா. வாளி நெறய தண்ணி வேற! ஏறி உக்கார ஒரு கல்லாச்சும் வைங்க."

அவளே கல் வைத்து, புழுவை நெளியவிட்டாள். என் தவளை லபக்கென்று விழுங்கியது. மல்லிகா கைதட்டினாள்.

மூடியைத் திறந்தது நான்தான் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய அந்த மனசைப் பார்த்துத்தான் இப்போது எனக்குப் பொறாமை.