ஒரகடத்தில் குளிர்கடல் சிப்பி

இந்தப் பதிவில் வருபவை:
1. ஏன் போனேன், எப்படிப் போனேன்
2. ஓட்டின் வளையங்களை எண்ணி வயதைச் சொல்லும் முறை
3. சிவப்புத் தட்டு
4. போக நினைப்பவர்களுக்கு

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். குளிர்ந்த கடலோரப் பாறைகளில் கொத்தாக ஒட்டி வளரும் கருநீலச் சிப்பியை வருடாவருடம் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஒரகடத்தில் கொரியப் பொறியாளர்களுக்கென்று நடக்கும் உணவகத்தில் அது ஓட்டோடு கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். 2013 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. பன்னிரண்டு கிலோமீட்டர், இருபது ரூபாய். ஷிப்டுக்குப் போகிறவர்கள் நடுவே முழங்காலை எங்கே வைப்பது என்றுதான் கடைசிவரை தெரியவில்லை. பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கல்லாவை ஒட்டிய மேசையில் இரண்டு தட்டுகள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. மேலாளர் செல்வம் பிள்ளைப்பாக்கத்துக்காரர். முன்பு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவர். அங்கே தேறாத பொருள் சிவப்புத் தட்டுக்குப் போகும். அந்தப் பழக்கத்தை இங்கும் கொண்டுவந்திருந்தார். வெந்த சிப்பிகளில் சதை ஆரஞ்சாக இருந்தவை பச்சையில், வெளுத்தவை சிவப்பில். எதிரே சமையல்காரர் மாரி, சாத்தூர்க்காரர், காய்ந்த கையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“பாதிக்குப் பாதி ரிஜெக்ட். பழசைக் கலந்துகினு கீறியா? நாளைலேர்ந்து வராதே.”

“பாக்கெட்டுல இருந்ததத்தான் வேக வச்சேன், அண்ணாச்சி. நானா பெயின்ட் அடிச்சேன்?”

நமக்கேன் என்று முதலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, “வெளுத்தது கெட்டதில்லை, அது ஆண். ஆரஞ்சு பெண்” என்றேன். முட்டை நிறைந்தால் பெண்ணின் சதை அப்படி ஆகும், ஆணுடையது பால் நிறமாகும், இரண்டும் கடல்நீரில் விடுவது கலந்துதான் குஞ்சாகும், அது சில வாரம் மிதந்துவிட்டு நூல்விட்டுப் பாறையில் ஒட்டிக்கொள்ளும் என்று விளக்கினேன்.

“அப்ப ஆம்பளைய பூரா ரிஜெக்டா, அண்ணாச்சி?” என்றார் மாரி.

செல்வம் சிரிக்கவில்லை. “நீங்க யாரு சார்?”

விஷயம் தெரிந்தவன் என்று காட்ட ஓர் ஓட்டை எடுத்தேன். குளிர்காலத்தில் வளர்ச்சி நிற்கும், வளையம் விழும், ஐந்து வளையம், ஆகவே ஐந்து வயது என்றேன். செல்வம் காலிப் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தார். கடலில் தொங்கவிட்ட கயிற்றில் வளர்த்தது, இரண்டு வயதுக்குள் எடுத்தது என்று இருந்தது.

“ரெண்டே முடியல, நீங்க அஞ்சுன்றீங்க. அப்ப ஆம்பளை, பொம்பளையும் ரீல்தானே?”

மாரி என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவருக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

“பிரிக்காத பாக்கெட் இருந்தால் நீங்களே வேக வையுங்கள்” என்றேன்.

செல்வம் தானே பிரித்தார், தானே வேக வைத்தார். அதிலும் இரண்டு நிறமும் இருந்தன. மோந்து பார்த்தார். வெளுத்த ஒன்றைத் தின்றார். சிவப்புத் தட்டைப் பச்சையில் கவிழ்த்தார்.

“மாரி, மூணாம் டேபிளுக்கு சூப்பு.”

போக நினைப்பவர்கள் பன்னிரண்டுக்கு முன் போங்கள், இடம் கிடைக்கும். சிப்பி சூப்பு ஒரு கிண்ணம் முந்நூற்றைம்பது ரூபாய், இருவருக்குப் போதும். இருட்டுவதற்குள் திரும்பினால் ஆட்டோ சுலபம்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். குளிர்கடலில் தானாக வளரும் சிப்பி இருபது வருடத்துக்கு மேலும் இருக்கும். குளிர்கால வளையமும் உண்மைதான். ஆனால் முட்டை விட்டாலும், புயல் அடித்தாலும், ஒரு கயிற்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் வளையம் விழுமாம். எண்ணிக்கையை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. மேலே பட்டியலில் இரண்டாவதாகப் போட்டிருப்பது தவறு. ஒருவர் வேலை போக இருந்த நேரத்தில் அதைத்தான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.